குறைந்த செலவில் ஹாங்காங் ஓஷன் பார்க்: இருவருக்கான ஒருநாள் முழு வழிகாட்டி

ஹாங்காங் தீவின் தென்பக்கம் ஒரு மலை. அடிவாரத்தில் பூங்காவின் ஒரு பாதி, மேலே கடலைப் பார்த்தபடி மறுபாதி. 1977 ஜனவரியில் திறந்த ஓஷன் பார்க் இதுதான். நிலம் அரசு கொடுத்தது, கட்டுவதற்குப் பணம் போட்டது ஹாங்காங் ஜாக்கி கிளப். மீன்காட்சியகம், பாண்டா, பெங்குயின், ரோலர் கோஸ்டர், கேபிள் கார் என்று எல்லாம் ஒரே நுழைவுச் சீட்டுக்குள் அடங்கிவிடும்.

டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான். காசு கரைவது உள்ளே போன பிறகு. வரிசையில் நின்று கால் வலித்ததும், காசு கொடுத்து வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட்ராக் பாஸ் வாங்கத் தோன்றும். பசி முற்றியதும் கண்ணில் படும் முதல் உணவகத்தில் உட்கார்ந்துவிடுவோம். தூறல் விழுந்தால் ரெயின்கோட்டுக்கு ஓடுவோம். எங்கே எப்போது போவது என்ற வரிசையை முன்னாலேயே முடிவு செய்துகொண்டால் இந்த மூன்று செலவும் வராது. அதனால் இந்த வழிகாட்டியில் தள்ளுபடியைப் பற்றிக் கொஞ்சமும், வரிசையைப் பற்றி அதிகமும் பேசப்போகிறேன்.

எந்த நாளில் போவது

செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். சீனப் புத்தாண்டு வாரம், மே 1-ஐ ஒட்டிய விடுமுறை, அக்டோபர் 1-இல் தொடங்கும் தேசிய தின வாரம் இவற்றில் சீனப் பெருநிலத்திலிருந்து பெருங்கூட்டம் வரும். செப்டம்பர், அக்டோபரில் ஹாலோவீன் கொண்டாட்டமும் உண்டு. பேய் வீடுகள் பிடித்தவர்கள் போகலாம், அமைதியாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது.

வானிலை என்று பார்த்தால் நவம்பரும் டிசம்பரும் அருமை. வெயில் சுடாது, காற்றில் ஈரம் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர் வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும், புயல் காலமும் அதுதான். திறக்கும், மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறும். பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். நீங்கள் போகும் தேதிக்கு உரிய நேரத்தையும், பராமரிப்புக்காக மூடியிருக்கும் ராட்டினங்களின் பட்டியலையும் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

நுழைவு அனுமதி

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இது இலவசம். இதற்கும் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் இணையதளங்கள் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். அனுமதி கிடைத்தால் ஒருமுறைக்கு 14 நாள் வரை தங்கலாம். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும், அச்செடுத்த தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா எடுக்க வேண்டும்.

டிக்கெட்

பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 500 ஹாங்காங் டாலர். ஒரு டாலருக்குச் சுமார் 11 ரூபாய் என்று வைத்தால் இருவருக்கும் 11,000 ரூபாய் ஆகிவிடும். வாசலில் வாங்குவதைவிட குளூக், கேகேடே போன்ற செயலிகளில் சில நாள்களுக்கு முன்பே எடுத்தால் பெரும்பாலும் கொஞ்சம் குறையும். இரண்டையும் பூங்காவின் சொந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக் கூப்பனோடு சேர்த்து விற்கும் டிக்கெட் சில சமயம் உண்மையிலேயே லாபம். ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் அந்தக் கூப்பன் எந்த உணவகத்தில் செல்லும் என்று பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

பக்கத்திலேயே வாட்டர் வேர்ல்டு என்ற நீர்ப்பூங்கா இருக்கிறது. 2021-இல் திறந்தது. பெயரில் ஓஷன் பார்க் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒரே டிக்கெட் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்குத் தனி டிக்கெட், தனி வாசல். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும்.

ஃபாஸ்ட்ராக் பாஸ் பற்றி என் கருத்து: வார நாளில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. விடுமுறை நாளைத் தவிர வேறு வழியில்லை, ராட்டினங்களுக்காகவே போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பையில் என்ன வைப்பது

இருவருக்கும் சேர்த்து ஒரே பை போதும், அதுவும் தோளில் மாட்டும் சின்னப் பை. பெரிய பை என்றால் லாக்கருக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்.

தண்ணீர் பாட்டில் இரண்டு. உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, நிரப்பிக்கொள்ளலாம். மெல்லிய ரெயின்கோட் இரண்டு, ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். மழைக்கு மட்டுமல்ல, நீர்ச் சவாரிக்கும் அதுதான் வேண்டும். மாற்று டி-ஷர்ட், கைத்துண்டு, பவர் பேங்க். ஒரு ஸ்பூனும் துணிப்பையும்கூட எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் முதல் ஹாங்காங் உணவகங்கள் பிளாஸ்டிக் கரண்டி கொடுப்பதில்லை, கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது ஒரு டாலர் வாங்குவார்கள். வெயில் காலமாக இருந்தாலும் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று வேண்டும், பெங்குயின் மண்டபத்தில் நல்ல குளிர்.

வெளியிலிருந்து கொண்டுபோகும் உணவுக்கான விதிகளை முன்னாலேயே படித்துவிடுங்கள். வாசலில் பையைத் திறந்து விவாதம் செய்வது நாளைத் தொடங்கும் முறையல்ல.

போகும் வழி

2016 டிசம்பரில் தெற்குத் தீவு ரயில் பாதை திறந்தபின் டாக்சி தேவையே இல்லாமல் போனது. எம்.டி.ஆர் ரயிலில் அட்மிரால்ட்டி நிலையம் வரை வந்து அங்கே தெற்குத் தீவுப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே ஓஷன் பார்க். வழி B-இல் வெளியேறினால் பூங்கா வாசல் எதிரில். இந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. மூன்றே பெட்டி. முதல் பெட்டியின் முன் கண்ணாடி அருகே நின்றுகொண்டால் மலைச் சுரங்கத்தின் இருட்டிலிருந்து ரயில் வெளிச்சத்துக்கு வருவதைப் பார்க்கலாம். பூங்காவுக்குள் போகும் முன்பே இலவசமாக ஒரு சவாரி.

பணம் ஏற்றி ரயிலிலும் பேருந்திலும் தட்டிப் போகும் ஆக்டோபஸ் கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டைக் காட்டி இருவர் நுழைய முடியாது. சில வாசல்களில் விசா கார்டையே தட்டிவிட்டும் போகலாம், ஆனால் இந்திய வங்கி ஒவ்வொரு தட்டலுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும். ஆக்டோபஸே சிக்கனம். பேருந்தில் போவதானால் சில்லறை திருப்பித் தரமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

தங்குமிடம் சிம் ஷா சுய் பக்கம் என்றால், அங்கிருந்து சிவப்பு நிறப் பாதையில் ஒரே நிலையம் தாண்டினால் அட்மிரால்ட்டி. 9.40-க்கெல்லாம் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். காலையில் இருபது நிமிடம் முன்னால் வந்தால், மதியம் வரிசையில் நிற்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு மிச்சமாகும்.

காலை: முதலில் பாண்டா

வாசல் திறந்ததும் கூட்டம் மொத்தமும் கேபிள் காரை நோக்கி ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். பாண்டாக்கள் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. பார்க்கச் சரியான நேரம் காலைதான்: அவை விழித்திருக்கும், மூங்கில் மென்றுகொண்டிருக்கும், கண்ணாடிக்கு முன்னால் ஆள் குறைவாக இருக்கும். மதியம் போனால் முதுகைக் காட்டித் தூங்கும் வெள்ளை உருண்டையைப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்போது பாண்டாவுக்கு இவ்வளவு கூட்டம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2007-இல் இங்கே வந்த யிங் யிங், லே லே ஜோடிக்குப் பல ஆண்டுகள் குட்டி பிறக்கவில்லை. 2024 ஆகஸ்ட் 15 அன்று, தன் 19-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், யிங் யிங் இரட்டைக் குட்டிகளை ஈன்றது. முதல் பிரசவம் கண்ட பாண்டாக்களில் உலகிலேயே வயதில் மூத்தது அதுதான். ஹாங்காங்கில் பிறந்த முதல் பாண்டாக் குட்டிகளும் இவைதான். ஒன்று பெண், ஒன்று ஆண். அதே ஆண்டு செப்டம்பரில் சீன அரசு அன்பளிப்பாக அனுப்பிய ஆன் ஆன், கே கே என்ற இன்னொரு ஜோடியும் வந்து சேர்ந்தது. ஆக மொத்தம் ஆறு.

உள்ளே ஃப்ளாஷ் கூடாது, சத்தம் கூடாது. கூட்டம் அதிகமானால் சில நிமிடத்தில் நகரச் சொல்வார்கள். ஒருவர் படம் எடுங்கள், இன்னொருவர் சும்மா பாருங்கள், அப்புறம் மாறிக்கொள்ளுங்கள். இருவரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் இருவருமே எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சிவப்புப் பாண்டாக்களும் இந்தப் பக்கமே. பெரிய பாண்டாவுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை, பாவம். சுறுசுறுப்பில் இவைதான் ஜெயிக்கும்.

மலைக்கு மேலே: சுரங்க ரயிலில் ஏறுங்கள்

மேலே போக இரண்டு வழி. ஒன்று கேபிள் கார், கடலுக்கு மேலே தொங்கியபடி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். மற்றொன்று ஓஷன் எக்ஸ்பிரஸ், மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடும் ரயில். நீர்மூழ்கிக் கப்பல் போல உள்ளே அலங்கரித்திருப்பார்கள். சில நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கேபிள் கார் வரிசை நீண்டிருக்கும் காலை நேரத்தில் ஓஷன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், இறங்கும்போது கேபிள் கார். எல்லாரும் செய்வதைத் தலைகீழாகச் செய்தால் இரண்டு பக்கமும் வரிசை குறைவு.

ராட்டினம்தான் முக்கியம், பாண்டா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஜோடிகள் வாசல் திறந்ததும் நேராக இந்த ரயிலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் மலை உச்சி ஏறக்குறைய உங்களுடையது.

மேலே போனதும் முதலில் ஹேர் ரெய்சர். காலடியில் தளமில்லாத ரோலர் கோஸ்டர், கால் தொங்கும், கீழே கடல் தெரியும். செருப்பு போட்டுப் போகாதீர்கள். இருவரில் ஒருவருக்கு இதெல்லாம் ஆகாது என்றால் வற்புறுத்த வேண்டாம். அவர் பையை வைத்துக்கொள்ளட்டும், லாக்கர் காசு மிச்சம். ஏறாதவருக்கு ஈடாக அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் அமைதி நிலவும். ஆர்க்டிக் பிளாஸ்ட் என்ற சின்னக் கோஸ்டரில் பயந்தவர்களும் ஏறலாம்.

ராட்டினம் முடிந்து வெளியே வரும்போது நீங்கள் அலறும் படத்தைத் திரையில் காட்டி விற்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து துருவப் பகுதி. 2012-இல் திறந்தது. தென்துருவ மண்டபத்தில் மூன்று வகைப் பெங்குயின்கள்: ராஜ பெங்குயின், ஜென்டூ, தலையில் மஞ்சள் இறகு நீட்டிக்கொண்டிருக்கும் ராக்ஹாப்பர். நீருக்கு மேலே தள்ளாடி நடப்பதைப் பார்ப்பதோடு நிற்காமல் கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதியையும் பாருங்கள். நீருக்குள் போனதும் அதே பெங்குயின் அம்பாய்ப் பாயும். வடதுருவப் பக்கத்தில் வால்ரஸும் நீர்நாய்க்குச் சொந்தக்காரர் போலத் தோன்றும் சீல்களும் இருக்கின்றன.

பிறகு சுறா மண்டபமும் ஜெல்லிமீன் மண்டபமும். ஜெல்லிமீன் அறை இருட்டு, தொட்டிகளில் மட்டும் நிற விளக்குகள். மூளையும் இதயமும் இல்லாத உயிர் இவ்வளவு நேர்த்தியாக நீந்துவதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். படம் எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், ஃப்ளாஷை அணையுங்கள், விளக்கின் பிரதிபலிப்பு வராது.

ரேபிட்ஸ் நீர்ச் சவாரியை மேலே கடைசியாக வையுங்கள். நனைந்த உடையோடு பெங்குயின் குளிருக்குள் போவது கொடுமை. ரெயின்கோட்டும் மாற்று டி-ஷர்ட்டும் இதற்குத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய காணொளிகளில் டால்பின் துள்ளும் காட்சியைப் பார்த்துவிட்டு அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அந்த மேடைக் காட்சியைப் பூங்கா நிறுத்திவிட்டது. நல்ல முடிவு என்பது என் எண்ணம். கைதட்டலுக்காகக் குட்டிக்கரணம் போடாமல் தன் போக்கில் நீந்தும் விலங்கைப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாப்பாடு

காலை உணவை வெளியிலேயே கனமாக முடித்துவிடுங்கள். ஹாங்காங் முழுக்க சா சான் டெங் என்ற சின்ன உணவகங்கள் உண்டு, நம் ஊர் டீக்கடையும் டிபன் கடையும் சேர்ந்த மாதிரி. டோஸ்ட், முட்டை, பால் டீ என்று காலைத் தொகுப்பு கிடைக்கும். மக்கரோனி சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு வரும், வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

மதியத்தில் நேரம்தான் தந்திரம். 12 முதல் 1.30 வரை எல்லாரும் சாப்பிடப் போவார்கள், அப்போது ராட்டினங்களில் வரிசை குறையும். அந்த நேரத்தில் நீங்கள் ஏறிக்கொண்டே இருங்கள். 2 மணிக்குச் சாப்பிடுங்கள், இடமும் கிடைக்கும். பெங்குயின்களைப் பார்த்தபடி சாப்பிடும் உணவகமும், மீன்காட்சியகத்துக்குள்ளேயே ஓர் உணவகமும் இருக்கின்றன. இரண்டும் அழகு, இரண்டும் நம் பட்ஜெட்டுக்கு எதிரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே பெங்குயின்தான். கீழே ‘பழைய ஹாங்காங்’ என்ற தெரு அமைத்திருக்கிறார்கள், 1950-கள் முதல் 70-கள் வரையிலான நகரத்தின் சாயலில். அங்கே கறி மீன் உருண்டை, முட்டை வாஃபிள் போன்ற தெருத் தின்பண்டங்களை ஒன்று வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். காய்கறி என்று எழுதியிருக்கும் உணவிலும் சிப்பி சாஸோ இறைச்சிச் சாறோ இருக்கும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். ஹலால் சான்று பெற்ற உணவகங்களும் பூங்காவில் உண்டு.

கேபிள் காரில் இறங்குவது

மாலை 4 மணிவாக்கில் கேபிள் கார் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். மூடும் நேரம் நெருங்க நெருங்க இறங்கும் கூட்டம் கூடும். ஒரு பெட்டியில் ஆறு பேர் உட்காரலாம். வார நாளில் கூட்டமில்லை என்றால் இருவருக்கே ஒரு பெட்டி அமையும். அமையாவிட்டாலும் பரவாயில்லை, எதிரில் இருப்பவர்களிடம் போனைக் கொடுத்தால் இருவரும் சேர்ந்த ஒழுங்கான படம் ஒன்றாவது தேறும். ஒரு பக்கம் பச்சை மலை, மறுபக்கம் டீப் வாட்டர் பே விரிகுடாவும் தென்சீனக் கடலும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதை நம்பவே முடியாது.

கடைசியாகக் கிராண்ட் அக்வேரியம்

வாசலருகே இருப்பதால் பலரும் காலையிலேயே இதற்குள் நுழைந்து ஒன்றரை மணி நேரத்தைச் செலவழிக்கிறார்கள். வெயிலோ மழையோ இருட்டோ, கட்டடத்துக்குள் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். களைத்த கால்களோடு குளிரூட்டிய இருட்டுக்குள் போய் உட்காருவதற்கு மாலைதான் பொருத்தம்.

கரையோரத்தில் தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குவது போல இதை அமைத்திருக்கிறார்கள். 400-க்கு மேற்பட்ட இனங்கள், 5,000 மீன்கள். 2011-இல் திறந்தபோது 5.5 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கூரைதான் பெரிய பேச்சு. அதன் அடியில் நின்று அண்ணாந்தால் திருக்கை தலைக்கு மேலே சிறகடித்துப் போகும். பெரிய கண்ணாடிச் சுவருக்கு எதிரில் தரையில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். வெளியேறும் வழி பரிசுக் கடைகளைத் தொட்டுத்தான் போகும். பாண்டா பொம்மை வாங்கியே தீர வேண்டும் என்றால் வரம்பை அன்று காலையிலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வானம் இருண்டால்

இடி, மின்னல், பலத்த காற்று என்றால் கேபிள் காரும் திறந்தவெளி ராட்டினங்களும் நின்றுவிடும். ஓஷன் எக்ஸ்பிரஸ் இருப்பதால் மேலே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். காலையிலேயே கருமேகம் தெரிந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் கேபிள் காரும் ஹேர் ரெய்சரும், மழை பிடித்த பிறகு பெங்குயின், ஜெல்லிமீன், மீன்காட்சியகம். புயல் எச்சரிக்கை எண் 8 ஏற்றினால் பூங்காவையே மூடிவிடுவார்கள். முந்தைய இரவு ஹாங்காங் வானிலை ஆய்வகத்தின் செயலியைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

கணக்கு

இருவருக்கும் டிக்கெட் சுமார் 1,000 டாலர். ரயிலுக்குப் போகவர 60 ஒதுக்கினால் போதும். காலை உணவுக்கு 100, உள்ளே மதிய உணவுக்கும் தின்பண்டத்துக்கும் 250. எதிர்பாராததற்கு ஒரு 50. மொத்தம் 1,460, நம் பணத்தில் 16,000 ரூபாய் சொச்சம். ஃபாஸ்ட்ராக், லாக்கர், ராட்டினப் படம், பொம்மை என்று நான்கையும் சேர்த்தால் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த பிறகு

இரவு உணவை உள்ளே சாப்பிட வேண்டாம். அடுத்த ரயில் நிலையமான வோங் சுக் ஹாங்கின் மேலேயே ஒரு வணிக வளாகம் இருக்கிறது. நம் சாப்பாடுதான் வேண்டும் என்றால் சிம் ஷா சுய்யில் சங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடம். 1961-இல் கட்டிய 17 மாடிப் பழங்கட்டடம், கீழே பணம் மாற்றும் கடைகள், மேலே மலிவு விடுதிகளும் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும். வாசலில் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், கண்டுகொள்ளாமல் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

8 மணிக்குள் அங்கே போய்விட்டால், நடக்கும் தூரத்திலிருக்கும் துறைமுகக் கரையில் தினமும் நடக்கும் விளக்குக் காட்சியை இலவசமாகப் பார்க்கலாம். ஊருக்குக் கிளம்பும் நாளில் முன்பணம் கட்டி வாங்கிய ஆக்டோபஸ் கார்டுகளை விமான நிலைய ரயில் நிலையத்தில் திருப்பிக் கொடுங்கள். 90 நாளுக்குள் கொடுத்தால் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு, முன்பணம் 50 டாலரையும் மீதித் தொகையையும் கையில் தருவார்கள்.